ஜமீலாவுக்குக் கேட்ட ரயில்

செய்தி வந்தபோது நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். முனைவர் பட்டத்துக்கான என் வாய்மொழித் தேர்வில் காட்டுவதற்காகச் சில வரைபடங்களை ஒளிபுகும் தாளில் அச்செடுக்கக் கொடுத்திருந்தேன். கடைக்காரர் வேறு ஏதோ பிளாஸ்டிக் தாளைப் போட்டு, அது இயந்திரத்துக்குள் உருகி ஒட்டிக்கொண்டது. "உங்க படந்தான் மேடம் ரொம்ப இங்க் இழுக்குது" என்று என்மேலேயே பழியைப் போட்டார். அந்த நேரத்தில்தான் செல்போன் அடித்தது. பேசியவர் அன்வர் பாய், ஜமீலாவின் கணவர். "மேடம், ஜமீலா மௌத்தாயிட்டா" என்றார். "நெஞ்சு வலிக்குதுன்னா. ஆட்டோல ஏத்திகினு போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் எடுக்கறோம். வந்துடுங்க."

நான் சொன்ன முதல் வார்த்தை, "இந்த மாசக் கடைசியில எனக்கு வைவா இருக்கே" என்பதுதான். அதற்கு அவர், பாவம், "தெரியும் மேடம். அவளும் சொல்லிகினேதான் இருந்தா" என்று பதில் சொன்னார்.

முடிச்சூர் சாலை வீட்டின் உள்ளறையில் பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் துணிக்குள் முகம் மட்டும் தெரிந்தது. வகுப்பில் யாராவது தப்பான விடை சொன்னால், "ம், அப்புறம்?" என்று கேட்கும்போது அவளுக்கு ஒரு முகம் வருமே, கிட்டத்தட்ட அதேதான். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல் வந்தது. வைவாவின்போது முதல் வரிசையில் உட்காருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். அவள் கொடுத்த எந்த வாக்கும் நேரத்துக்கு நிறைவேறியதில்லை என்றாலும், இந்த அளவுக்கு அவள் போனதில்லை.

இது துறையின் நினைவு மலருக்காக எழுதப்படுவது. பேராசிரியர் ஜமீலாவிடம் படித்தவர்களும் அவளோடு வேலை பார்த்தவர்களும் படிப்பார்கள் என்று சொல்லித்தான் துறைத்தலைவர் என்னிடம் கேட்டார். மறைந்தவரை 'அவர்' என்று எழுதுவதே மரியாதை. ஆனால் பதினைந்து வருஷத்துக்கும் மேலாக ஒரே அறையில் ஒரே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தவளை எனக்கு அப்படி எழுத வரவில்லை. 'அவள்' என்றே எழுதுகிறேன். கூடவே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பதினைந்து வருஷமும் அவள் என்னை ஓயாமல் எரிச்சல்படுத்தினாள்.

உங்களுக்கும் தெரிந்திருக்கும். எதைக் கேட்டாலும் ஆமாம் என்று அவள் சொல்லமாட்டாள். "மழை வரும்போல இருக்கே" என்றால், "வரலாம்" என்பாள். வந்து நனைந்த பிறகும், "இது செம்பாக்கம் பக்கம் பேய்ஞ்ச மேகம்பா, நம்முடையது இன்னும் வரல" என்பாள். தேர்வுத் தாள் திருத்தும்போது, விடை சரியாக இருந்து வழி தப்பாக இருந்தால் மதிப்பெண் தரமாட்டாள். பெற்றோர் வந்து முறையிட்டால், அந்தப் பையனைக் கூப்பிட்டு, "எப்படி வந்துச்சுன்னு சொல்லு, போட்டுடறேன்" என்பாள். சொல்லத் தெரியாது. பெற்றோர் அவளைத் திட்டாமல் என்னைத் திட்டிவிட்டுப் போவார்கள். என் மேசை கதவுக்குப் பக்கத்தில் இருந்தது.

நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த வேலை ஒளியின் குவாண்டம் பிணைப்பு பற்றியது. இதை இயற்பியல் படிக்காதவர்களுக்குச் சொல்ல அவள் ஓர் உதாரணம் வைத்திருந்தாள். இரண்டு மாணவர்கள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு சினிமாவுக்குப் போகிறார்கள். மறுநாள் இருவரையும் தனித்தனி அறையில் உட்கார வைத்து விசாரிக்கிறோம். "எங்கே போனாய்?" என்றால் இருவரும் "காய்ச்சல், வீட்டில் இருந்தேன்" என்கிறார்கள். அது பேசிவைத்துக்கொண்டு வந்தது, ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் எதிர்பார்க்கவே முடியாத கேள்விகளை, மாற்றி மாற்றி, கேட்க வேண்டியதை அந்த நிமிஷத்தில் முடிவு செய்து கேட்டாலும் பதில்கள் பொருந்திக்கொண்டே வந்தால்? எவ்வளவு பேசிவைத்தாலும் பொருந்தக்கூடிய அளவுக்கு மேலே பொருந்தினால்? இரண்டு ஒளிக்கதிர்கள் அப்படிப் பொருந்துவதைத்தான் பிணைப்பு என்கிறோம். ஒற்றை ஒற்றை ஒளித்துகளை வைத்து இதை உலகம் எப்போதோ காட்டிவிட்டது. நாங்கள் கோடிக்கணக்கான துகள்கள் சேர்ந்த, நல்ல பிரகாசமான இரண்டு கதிர்களில் அதைப் பார்க்க ஆசைப்பட்டோம். பிரகாசம் என்று சொல்கிறேனே தவிர, அது அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்குத் தெரியாது. இதையும் பார்வையாளர்களிடம் அவளே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள்.

இப்படி உள்ளதைச் சொல்லித்தான் எங்களுக்கு வரவேண்டிய ஒரு இன்வெர்ட்டர் போயிற்று. சிட்லபாக்கத்தில் எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு ஞாயிறு மாலை அவளைப் பேச வைத்தேன். ஆய்வகத்தில் மின்வெட்டு பெரிய தொல்லையாக இருந்த காலம். சங்கத்தில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் சிலர், கல்லூரிக்கு ஒரு இன்வெர்ட்டர் வாங்கித் தரலாம் என்று ஆர்வமாக இருந்தார்கள். பேச்சு நன்றாகவே போயிற்று. கடைசியில் சங்கச் செயலாளர் எழுந்து, "அப்ப இத வெச்சு ஒயர் இல்லாம, செலவு இல்லாம போன் பேசலாங்களா மேடம்?" என்று கேட்டார். "முடியாதுங்க" என்றாள். "கம்ப்யூட்டர் வேகமாகுமா?" "எங்களோடத வெச்சு ஆகாது." "அப்ப இதனால இன்னாதான் பிரயோஜனம்?" அவள் கொஞ்சம் யோசித்தாள். யோசித்து, உலகத்திலேயே சொல்லக்கூடாத பதிலைச் சொன்னாள். "இப்போதைக்கு ஒண்ணும் இல்லைங்க." கைதட்டினார்கள், காபி கொடுத்தார்கள். இன்வெர்ட்டர் பிள்ளையார் கோயிலுக்குப் போயிற்று. வரும் வழியெல்லாம் நான் திட்டினேன். "கேட்டாங்க, சொன்னேன்" என்றாள்.

இனி ரயில் விஷயத்துக்கு வருகிறேன். கல்லூரிக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரு சாலைதான். எங்கள் கருவியில் கண்ணாடிகள் தலைமயிர் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அசையாமல் நிற்க வேண்டும். தாம்பரத்தில் மின்ரயில் போனால் ஆய்வகத்தில் டீ கிளாஸே ஆடும். ஒவ்வொரு அளவீட்டின் முடிவிலும் கணினி ஓர் எண்ணைக் காட்டும். அது ஒன்றுக்குக் கீழே இருந்தால் பிணைப்பு இருக்கிறது. ஒன்றைத் தாண்டினால் வெறும் வெளிச்சம், டார்ச் லைட்டுக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. வழியில் கொஞ்சம் ஒளி கண்ணாடியில் தொலைந்தாலும் எண் ஒன்றை நோக்கி ஏறும். ரயில் போனால் ஒரேயடியாக மேலே எகிறும். நான் கண்ணாடிகளைச் சரிசெய்வேன், அவள் எண்ணைப் பார்த்து எழுதுவாள். ரயில் போன நேரத்து எண்ணை, "ரயில்" என்று சொல்லிச் சிவப்பு மையால் அடித்துவிடுவாள். இது எங்களுக்குள் பேசி முடிவு செய்த வழக்கம். யாருக்கும் இதில் தப்பாக ஒன்றும் தோன்றாது. எங்களுக்கும் தோன்றவில்லை.

இரண்டு வருஷ உழைப்பில் சராசரி ஒன்றுக்குக் கீழே நன்றாகவே இறங்கி நின்றது. கட்டுரை எழுதி அனுப்பினோம். சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொள்வதாக ஒரு வெளிநாட்டு இதழிலிருந்து பதில் வந்தது. அவளுக்கு அது இன்னொரு கட்டுரை, ஏற்கெனவே டாக்டர் பட்டம் வாங்கியவள். எனக்கு அப்படி இல்லை. வேலை பார்த்துக்கொண்டே பகுதிநேர ஆய்வுக்குப் பதிவு செய்திருந்தேன். குழந்தைகள், மாமியாரின் பக்கவாதம், வகுப்புகள் என்று இழுத்து, ஒருமுறை நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. அந்தக் கட்டுரை வந்தால் ஆய்வேடு நிற்கும். வராவிட்டால் பதிவு காலாவதி, ஆறு வருஷமும் வீண். இது அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுத்ததே அவள்தான்.

திருத்தத்துக்காக இன்னும் கொஞ்சம் அளவீடு தேவைப்பட்டது. மீட்டர் கேஜைப் பெயர்த்து அகலப்பாதை போட்டுக்கொண்டிருந்த சமயம் அது. ஒரு ஞாயிறு காலை முதல் மதியம் வரை தாம்பரத்தில் எந்த ரயிலும் ஓடாது என்று நாளிதழில் போட்டிருந்தார்கள். இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்று இருவரும் போனோம். அவள் வீட்டிலிருந்து இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்தாள். அப்படி ஓர் அமைதியை அந்தக் கட்டடத்தில் நான் கேட்டதே இல்லை. எண்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. நல்லது, நல்லது, சுமார், நல்லது. அப்புறம் ஒன்று ஒன்றைத் தாண்டிப் போயிற்று.

"ரயில்" என்று சொல்லிக்கொண்டே ஜமீலா சிவப்புப் பேனாவால் கோடு போட்டாள்.

கோடு முடிவதற்குள் கை நின்றுவிட்டது. என் பக்கம் திரும்பினாள். நான் கண்ணாடித் திருகிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கல்யாணி, இன்னைக்கு ரயில் இல்லையே" என்றாள்.

"லாரியா இருக்கும்" என்றேன். "ஜிஎஸ்டி ரோடுல லாரி போகாதா?"

"எனக்கு லாரி கேக்கலப்பா. ரயில்தான் கேட்டுச்சு. நெஜமாவே கேட்டுச்சு." பேனாவை மூடி வைத்தாள். "கெட்ட ரீடிங் வந்தாதான் நமக்கு ரயில் கேக்குது."

இந்த வாக்கியத்தை அவள் பிறகு எத்தனையோ வகுப்புகளில், தன்னைத் தானே கேலி செய்துகொண்டு, சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் சிரித்திருப்பீர்கள். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. லாரிதான் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. அன்று அரை மணி நேரம் வாதாடினேன். தொலைந்தது ஒரு அளவீடு, அதை மட்டும் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்றேன். "இது ஒண்ணு இல்லப்பா. இதுக்கு முன்னாடி அடிச்சதுல எத்தனை ரயில், எத்தனை என் காதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். இடியாப்பத்தை யாரும் தொடவில்லை.

அந்த வாரமே, அடித்த எண்களையெல்லாம் திரும்பச் சேர்த்துச் சராசரி போட்டாள். சரியாக ஒன்றில் வந்து உட்கார்ந்தது. பிணைப்பு உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. கட்டுரையைத் திரும்பப் பெறப்போவதாக என்னிடம் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். நான் கெஞ்சினேன். ஒரு வருஷம் தள்ளிப் போடு, என் பட்டம் முடியட்டும், அப்புறம் திருத்தம் போடலாம் என்றேன். அவள் கண் கலங்கியதைப் பார்த்தேன். கலங்கிய கண்ணோடு உட்கார்ந்து இதழுக்கு மின்னஞ்சல் அனுப்பினாள். கோடு போட்டதும் அவள், கண்டுபிடித்ததும் அவள், ஒத்துக்கொண்ட பெருமையும் அவளுக்கு. நஷ்டம் மட்டும் எனக்கு. இதை அவளிடமே சொன்னேன். "ஆமாம்பா" என்றாள். வாழ்க்கையில் அவள் ஆமாம் என்று சொன்னது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு ஒரு பருவம் முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறையில் அது எவ்வளவு சிரமம் என்று யோசித்துப் பாருங்கள். மின்விசிறி வேகத்தைக் குறைக்கச் சொல்லவேண்டுமானால்கூட அவள் துறைத்தலைவரிடம் போய்ச் சொல்லி, அவர் வந்து என்னிடம் சொல்லவேண்டும். அந்த மனிதர் அப்போது மெலிந்தே போனார்.

முதலில் பேசியது அவள்தான், அதுவும் மன்னிப்புக் கேட்க இல்லை. ஒரு நாள் காலை அன்வர் பாயின் மினி வேன் கல்லூரிக்குள் வந்து நின்றது. அவருக்கு மைக் செட் கடை. கல்யாணம், கட்சிக் கூட்டம், கோயில் திருவிழா, குன்றத்தூர்க் கிருத்திகை என்று எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர். ஒரு பெரிய பழைய ஸ்பீக்கரை இறக்கி, ஆய்வகத் தரையில் கவிழ்த்து வைத்தார். "பாட்டுப் போடறதுக்கு இன்னாத்துக்கு மேடம் இப்டி தலகீழா வெக்கறது? இவளக் கேட்டா, இது பாடறதுக்கு இல்ல, கேக்கறதுக்குன்றா" என்றார். மின்சாரம் கொடுத்தால் ஸ்பீக்கர் அதிரும். அதிர்ந்தால் அதிலிருந்து மின்சாரம் வரும். தரை அதிர்ந்தால் அதோடு இணைத்த அளவுமானியில் முள் அசையும். "முள் இந்தக் கோட்டைத் தாண்டினா ரீடிங்க அடிக்கறோம். நல்ல நம்பரா இருந்தாலும் அடிக்கறோம். தாண்டலேன்னா எவ்ளோ அசிங்கமா இருந்தாலும் இருக்கட்டும். என் காது இனிமே சாட்சி இல்ல" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "கண்ணாடிக்கு ஆள் வேணும்" என்றாள். நான் போய்த் திருகைப் பிடித்தேன். வேறென்ன செய்வது?

திரும்ப முதலிலிருந்து. இந்தமுறை என் பதிவுக்கு இரண்டாவது நீட்டிப்பு வாங்க, பல்கலைக்கழகத்துக்கு அவளும் என்னோடு வந்தாள். அங்கே ஒரு பிரிவு அலுவலர், "ரெண்டாவது எக்ஸ்டென்ஷன் கெடையாதும்மா" என்று ஒரே வாக்கியத்தில் முடித்தார். ஜமீலா அவருக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, தாமதம் ஏன் என்பதை விளக்கத் தொடங்கினாள். தன் தப்பு, தன் காது, ஞாயிற்றுக்கிழமை, இல்லாத ரயில் என்று எதையும் விடவில்லை. அவள் விளக்கத் தொடங்கினால் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். பிணைப்பு வரை வந்ததும் அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். அவர் புரிந்துகொண்டு போட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

புதிய வழியில் அளக்க ஆரம்பித்த பிறகுதான் அசல் கொடுமை தெரிந்தது. அதுவரை நாங்கள் பார்த்ததிலேயே மிகச் சிறந்த எண் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. ஒன்றுக்கு வெகு கீழே. நான் கைதட்டியேவிட்டேன். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஜமீலாவுக்கும் கேட்கவில்லை. முள் மட்டும் கோட்டைத் தாண்டி ஆடிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் செங்கல்பட்டு வண்டி போய்க்கொண்டிருக்கிறது. "பாத்தியா, நல்ல நம்பர் வந்தா ரயிலே போனாலும் நமக்குக் கேக்கல" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவளுக்கு ஒரு சந்தோஷம். எனக்கு அவள் தலையில் அந்த ஸ்பீக்கரைத் தூக்கிப் போடலாம்போல இருந்தது. சிவப்புப் பேனாவை என்னிடம் நீட்டினாள். நானே அடிக்கவேண்டும் என்றாள்.

இன்னொரு நாள் இதற்கு நேர்மாறாக நடந்தது. எண் எகிறிப் போய் எங்கோ மேலே நின்றது. ஒரு கூட்ஸ் வண்டி போகிற சத்தம் எனக்கு மிகத் தெளிவாகக் கேட்டது. "உனக்குக் கேக்குதா இல்லையா?" என்றேன். "கேக்குதுப்பா" என்றாள். முள் அசையவில்லை. வயரை ஆட்டிப் பார்த்தேன், ஸ்பீக்கரைத் தட்டிப் பார்த்தேன், தட்டினால் முள் துள்ளியது. ஆக முள்மேல் குறை சொல்ல முடியாது. "இருக்கட்டும்" என்றாள். அந்தப் புள்ளி என் வரைபடத்தில் மற்ற எல்லாப் புள்ளிகளுக்கும் மேலே, கூட்டத்தோடு சேராமல், தனியாக நிற்கிறது. ஆய்வேட்டைப் புரட்டும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

முடிவு என்ன என்றால், இவ்வளவு பிரகாசமான ஒளியில், எங்கள் கருவியில் தொலையும் அளவுக்கு ஒளி தொலைந்தால், பிணைப்பு இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியாது. எவ்வளவு தொலைவதைக் குறைத்தால் சொல்ல முடியும் என்பதற்கு ஒரு கணக்கு. அதுதான் என் ஆய்வேடு. 'பார்த்தோம்' என்று எழுத உட்கார்ந்தவள், 'பார்த்தோமா என்று தெரியவில்லை' என்று இருநூறு பக்கம் எழுதினேன். "தெரியாதுங்கறதும் ஒரு பதில்தான்பா. எவ்ளோ தெரியாதுன்னு சொல்லத் தெரிஞ்சா" என்று அதற்கும் ஒரு சமாதானம் வைத்திருந்தாள்.

அவள் இல்லாமல் வைவா நடந்தது. முதல் வரிசையில் நடு நாற்காலியில் துறைத்தலைவர் தெரியாமல் உட்கார்ந்துவிட்டு, பிறகு எழுந்து பக்கத்து நாற்காலிக்கு மாறினார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் நிதானமானவர், நல்ல மனிதர். நான் பயந்தபடியே அந்தப் படத்தில் விரலை வைத்தார்.

"இந்த ஒரு பாயின்ட் என்னம்மா?"

"தெரியாது சார்."

"உங்க காலேஜ் ரயில்வே லைன் பக்கத்துலதானே? ஏதாவது ட்ரெயின் போயிருக்குமோ?" என்றார். எனக்கு உதவி செய்யத்தான் கேட்டார். தலையை ஆட்டினால் போதும். அந்த கூட்ஸ் வண்டியின் ஒவ்வொரு பெட்டியும் என் காதில் இன்னும் போய்க்கொண்டுதான் இருக்கிறது.

"ரயில் இல்லை சார். அதுக்குத் தனியா அளந்திருக்கோம்."

"அப்ப என்ன?"

"தெரியாது. ரயில் இல்லைன்னு மட்டும் தெரியும்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். பட்டம் கொடுத்துவிட்டார்கள். எல்லோரும் கைகொடுத்தார்கள். நான் வெளியே வந்து, ஜமீலாவைக் கூப்பிடச் செல்போனை எடுத்து, பெயர் வரைக்கும் போய்விட்டேன்.

மறுநாள் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு அன்வர் பாயின் கடைக்குப் போனேன். ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். பட்டம் கிடைத்ததைச் சொன்னேன். "அவ இருந்தா தெருவையே கூட்டியிருப்பா" என்றார். பிறகு அவராகவே சொல்ல ஆரம்பித்தார்.

"ரொம்ப நாளாவே நெஞ்சுல இன்னாவோ பண்ணுதுன்னு சொல்லிகினு இருந்தா மேடம். டாக்டராண்ட போலாம் வான்னு எத்தினியோ தபா கூப்ட்டேன். வாயுன்னுட்டா. மாடி ஏறினா மூச்சு வாங்குச்சு, அதுக்கும் வாயு. தோள் வலிக்கு, போர்டுல எழுதனதுன்னா. மொத நாள் ராத்திரிகூட சோடா வாங்கியாரச் சொன்னா. உங்களாண்ட ஒண்ணும் சொல்லலியா?"

என்னிடமும் சொல்லவில்லை. கடைசி மாதங்களில் அவள் கைப்பையில் எப்போதும் இஞ்சி மொரப்பா இருந்தது. பாடவேளை முடிந்து வந்ததும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, எனக்கும் ஒன்று கொடுப்பாள். நானும் தின்றேன்.

வீட்டுக்கு வந்துதான் கத்தினேன், சமையலறையில், யாரும் இல்லாதபோது. ஒரு எண்ணை அடித்ததற்காக என் ஆறு வருஷத்தைக் கலைத்துப் போட்டவளே, உன் நெஞ்சு காட்டிய ஒவ்வொரு எண்ணையும் வாயு, வாயு, வாயு என்று நீ அடித்துக்கொண்டே போனாயே. தரை அதிர்கிறதா என்று பார்க்க ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைக்கத் தெரிந்தது. குரோம்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் எதிரிலேயே ஈசிஜி எடுக்கிறார்கள். அதற்குப் போகத் தெரியவில்லை. உன் காது சாட்சி இல்லை என்று சொன்னவள், உன் வயிற்றை மட்டும் எப்படிச் சாட்சியாக வைத்துக்கொண்டாய்? அன்று ரயில் இல்லை என்று நீயாகவே திரும்பிப் பார்த்த மாதிரி, ஒரே ஒருமுறை என் பக்கம் திரும்பி, "கல்யாணி, இது வாயு இல்லையே" என்று சொல்லியிருக்கக்கூடாதா? நான் லாரி என்று சொல்லியிருக்கமாட்டேன். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பேன்.

அவளிடமிருந்து எனக்கு வந்தவை பல. பெயருக்கு முன்னால் இரண்டெழுத்து வந்திருக்கிறது. தெரியாது என்று ஒரு சபையில் நிமிர்ந்து நின்று சொல்ல வந்திருக்கிறது. ஆனால் தினமும் கூட இருப்பது இந்தக் கோபம்தான். வேளை வந்துவிட்டது, இறைவன் எழுதியது, கொடுத்துவைத்த சாவு என்று பார்க்கிறவர்களெல்லாம் ஒவ்வொரு காரணம் சொல்லி அதைத் துடைத்துவிடப் பார்க்கிறார்கள். யாருக்கும் கொடுப்பதாக இல்லை, நானே வைத்துக்கொள்ளப் போகிறேன்.

இதுவரை எழுதியதைத் துறைத்தலைவரிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "நல்லா வந்திருக்கு மேடம். அந்த வாயு விஷயத்த மட்டும் எடுத்துடலாமா? நினைவு மலர், ஃபேமிலியும் படிப்பாங்க."

"அன்வர் பாய்க்குப் படிச்சுக் காட்டிட்டேன் சார்."

"என்ன சொன்னார்?"

"அழுதார்."

"அதான் சொல்றேன். எடுத்துடலாமே?"

"இருக்கட்டும் சார்" என்றேன்.